பச்சையாகச் சொன்னால்

பூமியைக் காப்பாற்ற அதிகம் சாமான் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் ஒருத்தி, எண்பதைத் தாண்டிய தாயார் ஒருவர், இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்ட ஓர் ஆள். மூன்றாவது சாமான் நான். உலு யாமில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறோம். பின்வாசலைத் திறந்தால் மலையும் காடும். முன்வாசலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் மூன்றாவது கார். வீட்டை விற்ற தரகர் இயற்கையோடு வாழலாம் என்றார். எங்களோடு வாழ இயற்கைக்குச் சம்மதமா என்று அவரும் விசாரிக்கவில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை.

போன விடுமுறைக்கு வந்த மகள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வீட்டுக்குப் பத்து எளிய வழிகள். 'எளிய' என்ற சொல்லை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். ஏழு மாதமாகப் பத்தையும் செய்து பார்த்துவிட்டேன். இனிமேல் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டுமே என்று இதை எழுதுகிறேன். பத்தும் இதில் இல்லை. சிலவற்றை எழுதினால் நகராண்மைக் கழகத்திலிருந்து ஆள் வரும்.

பையில் தொடங்குங்கள்

முதலில் துணிப்பை வாங்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே பதினாறு இருந்தாலும் வாங்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் இருக்கிற பை வீட்டில்தான் இருக்கும். காரில் வைத்த பை காரில்தான் இருக்கும். கடையில் காசு வாங்குகிற பெண் நிமிர்ந்து பார்த்து "பெக் மாவ், அங்கள்?" என்று கேட்கும்போதுதான் இரண்டும் ஞாபகத்துக்கு வரும்.

சிலாங்கூரில் இது 2010 ஜனவரியில் தொடங்கியது. அப்போது சனிக்கிழமை மட்டும்தான் தடை; பிளாஸ்டிக் பை வேண்டுமென்றால் 20 காசு. எங்கள் வீட்டில் உடனே சுற்றுச்சூழல் உணர்வு பொங்கிவிட்டது. சனிக்கிழமைச் சாமானை வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுவோம். 2017 ஜனவரியில் எல்லா நாளும் சனிக்கிழமை ஆகிவிட்டது. அன்றிலிருந்து பார்க்கிறேன், 20 காசுக்கு இருக்கிற மரியாதை 20 வெள்ளிக்கு இல்லை. ஐயாயிரம் வெள்ளிக் கைப்பேசியைக் காதில் இடுக்கியிருப்பவர், 20 காசு கொடுக்க மனம் வராமல், முட்டைத் தட்டு, மீன் டின், கோழி, மூன்று கிலோ வெங்காயம் அத்தனையையும் மார்போடு அணைத்து, பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவரைப்போல அடிமேல் அடி வைத்துக் காருக்கு நடக்கிறார். வெங்காயம் உருளும். பின்னால் வரும் மலாய்க்காரர் ஒன்றைப் பொறுக்குவார், சீனர் இன்னொன்றைப் பொறுக்குவார். எங்கள் ஊரில் இன ஒற்றுமை இப்படித்தான் வளர்கிறது.

துணிப்பை வாங்கிய கையோடு கணக்குப் போடக் கூடாது. நான் போட்டேன். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பை பிளாஸ்டிக் பையைவிடத் தேவலை என்று ஆவதற்கு அதை 7,100 தடவை பயன்படுத்த வேண்டுமாம். தட்பவெப்ப மாற்றத்தை மட்டும் பார்த்தால் 52 தடவை போதும். நான் வாரம் ஒருமுறை பாசாருக்குப் போகிற ஆள். 52 தடவைக்கு ஒரு வருடம் ஆகும். 7,100க்கு 136 வருடம். மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதுக்குத்தான்ப்பா புதுசு வாங்காதீங்கன்றேன்" என்றாள். தாளில் அப்படி ஒரு வரி இல்லை. நான் மறுபடி போய்ப் பார்த்தேன்.

எங்கள் பதினாறில் நான்கு கல்யாணத் தாம்பூலப் பை. ஐந்து தேர்தல் பை. அதில் ஒன்றில் பழைய சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கைகூப்பிச் சிரிக்கிறார். தொகுதி அவரை மறந்து இரண்டு தேர்தல் ஆகிறது, எங்கள் வீட்டில் இன்னும் கீரை சுமக்கிறார். மக்கள் சேவை என்றால் இது.

அம்மாவின் முறை வேறு. பிளாஸ்டிக் பையை அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, நீளவாக்கில் மடித்து, முக்கோணமாகச் சுருட்டி, சமோசா மாதிரி ஆக்கி பிஸ்கட் டின்னில் அடுக்கிவிடுவார். மீன் வாங்கிய பை மீனுக்கே போகும். பூ வாங்கிய பை கோயிலுக்கே போகும். ஒன்று மற்றதோடு கலக்கவே கலக்காது. டென்மார்க்காரர்கள் அம்மாவைப் பார்த்திருந்தால் அந்த ஆய்வில் ஒரு பின்னிணைப்பு கூடியிருக்கும்.

பழைய பழக்கத்தைப் புது விலைக்கு வாங்குங்கள்

தாளில் மூன்றாவது வரி பாத்திரம் தேய்ப்பதைப் பற்றியது. அதற்காக மகள் ஒரு பொட்டலமே அனுப்பியிருந்தாள். பழுப்பு அட்டைப்பெட்டி, அதற்குள் பழுப்புக் காகிதம், அதற்குள் தேங்காய் நாரில் செய்த தேய்ப்பான். விலை 12 வெள்ளி 90 காசு. அம்மா அதைக் கையில் வாங்கினார். மோந்து பார்த்தார். எந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று தடவிப் பார்த்து அவிழ்த்தார். இரண்டு நிமிடத்தில் 12 வெள்ளி 90 காசு மேசைமேல் ஒரு பிடி நாராகக் கிடந்தது.

"இது தேங்கா நாரு."

"ஆமாம்மா."

"இதுக்கா பாப்பா காசு குடுத்துச்சு?"

தோட்டத்து லயத்தில் இருந்தவரை அம்மாவுக்குத் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும்தான். குத்துவிளக்குக்குப் புளி. விறகு பால்மர விறகு, சாம்பலுக்குப் பஞ்சமே கிடையாது. தாமானுக்குக் குடிவந்த முதல் வாரம் அம்மா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: டப்பாவில் வரும் எலுமிச்சை வாசனைக் களிம்பு. கிராணி வீட்டு அம்மாவின் கை அப்படித்தான் மணக்குமாம். அந்த டப்பாவை ஒழிக்கச் சொல்லித்தான் பேத்தி தாள் ஒட்டியிருக்கிறாள் என்று நான் மெல்லச் சொன்னபோது, அம்மா தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தார்.

"வக்கில்லாம தேச்சதுடா சாம்பல. ஆசப்பட்டா தேச்சோம்?"

ஆகவே இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாரில் தேய்ப்பதால் யாரும் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஆகிவிட முடியாது, நாரை வாங்க வேண்டும். ரசீது இருந்தால் கொள்கை. ரசீது இல்லாவிட்டால் தரித்திரம். பொத்தல் விழுந்து பற்றவைத்துப் பயன்படுத்திய எனாமல் மங்குக்கும் இதே சட்டம். தோட்டத்தில் அது மாப்பிள்ளை வீட்டார் வரும்போது ஒளித்துவைக்கிற சாமான். கோலாலம்பூர் காப்பிக் கடைகளில் இப்போது அதில்தான் காப்பி தருகிறார்கள், அதற்குத் தனி விலையும் உண்டு. ஒரு காலத்தில் தேநீர் வாங்கக் கடைக்கு அனுப்பினால், பால் டின்னில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். அப்புறம்தான் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சு குழாயைச் செருகி, ரப்பர் வளையம் போட்டுச் சுழற்றித் தருகிற புங்குஸ் வந்தது. பால் டின் எப்போது மறுபடி வரப்போகிறதோ, எவ்வளவு விலைக்கு வரப்போகிறதோ.

புங்குஸ் என்றதும் ஓர் எச்சரிக்கை. கடைக்குச் சொந்தப் பாத்திரம் கொண்டுபோங்கள் என்று தாளில் இருக்கிறது. எங்கள் ஊர் லோ மீக்குப் பேர்போனது. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர்க் கார்கள் வரிசை கட்டி நிற்கும். நானும் ஒரு ஞாயிறு வீட்டு அடுக்குச்சட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். தவுக்கே என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சியாப்பா சாகிட்?" என்றார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பூமிக்குத்தான் என்று மலாயில் விளக்க எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு லேசாகச் சளி என்றேன். கூட ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தார். இன்னும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் சளியை விசாரிக்கிறார்.

குப்பையைத் தூரப் போடாதீர்கள்

நீலத் தொட்டிக்குக் காகிதம், பழுப்புக்குக் கண்ணாடி, ஆரஞ்சுக்கு டின்னும் பிளாஸ்டிக்கும். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். 2015 செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்று சில மாநிலங்களில் சட்டம் வந்தது. சிலாங்கூர் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. எனவே நாங்கள் பிரிப்பது முழுக்க முழுக்க நல்ல மனத்தால். மூன்று பையில் பிரித்து வாசலில் வைத்தேன். லாரி வந்தது. மூன்றையும் ஒரே வாயில் வாங்கிக்கொண்டு போனது.

அதைவிட 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வரும் லாரி மேல். பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி எல்லாம் எடுப்பான், காசும் கொடுப்பான். ஒரே சங்கடம், அவன் குரல் கேட்டு நாம் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அடுத்த தெருவில் இருப்பான். வாரத்தில் என் ஒரே உடற்பயிற்சி அதுதான்.

தூக்கித் தூரப் போடு என்று சொல்கிறோமே, அந்தத் தூரம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. உலு சிலாங்கூர், புக்கிட் தாகார். செம்பனைக்கு நடுவில் ஒரு பெரிய குப்பை நிலம். 2005இலிருந்து கோலாலம்பூரின் குப்பை அங்கேதான் வந்து படுக்கிறது. அழுகும்போது கிளம்புகிற வாயுவைக் குழாய் போட்டுப் பிடித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். கோலா சிலாங்கூர்ப் பக்கம் ஜெராமில் இன்னொன்று, 2007இலிருந்து. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது வேலை தேடிப் பட்டணம் போன எங்கள் பிள்ளைகள், பொங்கலுக்கு வராவிட்டாலும், தின்று எறிந்தது தவறாமல் வீடு வந்து சேர்கிறது.

உரம் தயாரியுங்கள், குரங்குகள் காத்திருக்கின்றன

அடுப்படிக் கழிவை மக்கவைத்து உரமாக்கினால் குப்பை பாதியாகும். இதற்கு மகள் சிபாரிசு செய்தது தாக்காகுரா கூடை. தாக்காகுரா என்ற ஜப்பானியர் இந்தோனேசியாவின் சுராபாயாவில் பரப்பிய முறை அது. துணி போட்டுவைக்கிற ஓட்டைக் கூடையை எடுத்து, உள்ளே அட்டை விரித்து, உமியும் தவிடும் புளிக்கவைத்த கலவையைப் போட்டு, அன்றன்றைய கழிவைக் கிளறிவிட வேண்டும். நாற்றம் வராது. சின்ன வீட்டுக்கும் ஏற்றது. சுராபாயாவில் நடந்தது, இங்கே மட்டும் ஏன் நடக்காது?

சுராபாயாவில் நடந்தபோது கூடைக்குப் பின்னால் தித்திவங்சா மலைத்தொடர் இல்லை. அதுதான் வித்தியாசம். கூடையை வைத்த மூன்றாம் நாள் காலை, பின்வாசலில் ஒரு குரங்குக் குடும்பம் சுற்றி உட்கார்ந்திருந்தது. பெரியது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, சாமான் சரியில்லை என்று திருப்பித் தர வந்த வாடிக்கையாளர் மாதிரி என்னைப் பார்த்தது. பப்பாளித் தோலை மட்டும் தின்றுவிட்டு, முட்டை ஓட்டையும் தேயிலைச் சக்கையையும் துணிக்கொடி வரைக்கும் வீசியிருந்தது. அம்மா காயப்போட்ட பைகளில் ஒன்றைக் குட்டி தலையில் மாட்டியிருந்தது. நான் மூடிமேல் இரண்டு செங்கல் வைத்தேன். மறுநாள் இரண்டு செங்கலும் லோங்கானில் கிடந்தன. கம்பி கட்டினேன். அந்த வாரம் குரங்கு வரவில்லை, உடும்பு வந்தது. உடும்புக்குக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பின் எலி.

எலி என்றால் தோட்டத்தில் யாரும் பதறுவதில்லை. செம்பனைக் காட்டில் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்திருப்பார்கள். அதில் கூகை குடியிருக்கும். செம்பனைப் பழத்தை எலி தின்னும், எலியைக் கூகை தின்னும், விஷத்துக்கு வேலை குறைவு. மலேசியத் தோட்டங்கள் பல வருடமாகக் கடைப்பிடிக்கிற முறை. தாமான் குடியிருப்போர் சங்கத்தில் கூகைப்பெட்டி வைக்கலாமா என்று கேட்டேன். கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார். எலி கத்தினால் மட்டும் ஆகுமா என்று நான் கேட்டது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார். பின்பக்கம் வாழைக்கு அடியில் சங்கூலால் ஒரு முழக் குழி. கழிவைப் போட்டு மண்ணை மூடிவிடுவது. அவ்வளவுதான். கூடைக்கு 45 வெள்ளி கொடுத்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வாழை நன்றாகத்தான் வருகிறது. குலை தள்ளும்போது குரங்குக்குத்தான் போகிறது. அதையும் ஒரு சுழற்சி என்று எழுதிக்கொள்ளலாம்.

முறுக்கு எண்ணெயை எங்கே ஊற்றுவது

தீபாவளிக்கு மறுநாள் சிலாங்கூர் மாநிலத்தின் எல்லாத் தமிழ் வீட்டு அடுப்படியிலும் ஒரே கேள்விதான் நிற்கிறது. மூன்று லிட்டர் கறுத்த எண்ணெய். லோங்கானில் ஊற்றலாமா?

ஊற்றக் கூடாது. அதைச் சொல்ல எங்களுக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் அந்த எண்ணெய் எங்கள் பக்கத்தில்தான் பிறந்தது. பெஸ்தாரி ஜெயாவை நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வோம். அந்தப் பக்கம் தென்னாமராம் தோட்டம். தமிழ்க் காதுக்கு அந்தப் பேர் தென்னைமரம் என்றே விழும். அங்கே 1917இல் நட்டது தென்னை இல்லை, செம்பனை. மலேசியாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை போட்ட முதல் தோட்டம் அதுதான். போட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். துரைக்கு நாவல் கிடைத்தது, எங்களுக்கு முறுக்கு கிடைத்தது.

அந்த முறுக்கு எண்ணெய் லோங்கானில் இறங்கினால் எங்கே போகும் என்று பாருங்கள். எங்கள் பக்கத்து ஆறுகள் பத்தாங் காலி வழியாகச் சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறவை. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு அந்த ஆற்றில்தான் எடுக்கிறார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் யாரோ எதையோ கொட்டினார்கள். நாற்றம் ஆற்றில் இறங்கியதும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள்; பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் காய்ந்தது. கோவிட் காலம் வேறு. இருபது விநாடி கைகழுவுங்கள் என்று தொலைக்காட்சி பாடிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் இருக்கிற என் தங்கை, தெருவில் தண்ணீர் லாரிக்கு வாளி வைத்து வரிசையில் நின்றபடி போன் பண்ணினாள். "அண்ணே, தோட்டத்துக் குழாயடி மாதிரியே இருக்கு. சண்டகூட அதே மாதிரிதான்."

எண்ணெயை ஆறவைத்து, வடிகட்டி, பழைய புட்டியில் ஊற்றி வையுங்கள். கிலோக் கணக்கில் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். டீசல் செய்ய அனுப்புகிறார்கள். அம்மாவின் யோசனை வேறு: அதிலேயே இன்னும் நான்கு நாள் கருவாடு பொரிக்கலாம். பூமிக்கு அது நல்லதாக இருக்கலாம். எனக்கு நல்லதில்லை.

தண்ணீரைச் சேமியுங்கள், சேமித்து வைக்காதீர்கள்

2008இலிருந்து சிலாங்கூரில் மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் இலவசம். சும்மா வந்த தண்ணீரில் கார் கழுவினோம், வாசல் கழுவினோம், கழுவிய வாசலை மறுபடி கழுவினோம். 2020இல் அது வருமானம் குறைந்த வீடுகளுக்கு மட்டும் என்று ஆனதும் வாசல் தன்னாலேயே சுத்தமாகிவிட்டது.

மழைநீர் பிடிக்கலாம். எங்கள் ஊரில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் மூடி போடாத தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டை வைத்தால், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். பூச்சி ஒழிப்புக்கு 1975இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. சுகாதார ஆள் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு புழு நெளிந்தாலும் 500 வெள்ளி வரை எழுதலாம். ஒரு புழுவுக்கு 500 வெள்ளி. எங்கள் ஊரில் வேறு எந்த வளர்ப்புப் பிராணிக்கும் அந்த விலை இல்லை.

தொட்டி என்றதும் சொல்லிவிடுகிறேன். மறுபயன்பாடு என்ற சொல்லை மகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு லயத்து வாசலில் நின்ற ஒரு வெள்ளை டின் ஞாபகம் வரும். அம்மா சில வருடம் மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். முதுகில் தோம்பு, கையில் குழாய், முகத்தில் ஒரு துண்டு. களைக்கொல்லி தீர்ந்த டின் சும்மா கிடைக்கும். நல்ல கெட்டி டின், இறுக்கமான மூடி. அதைப் போய் யார் எறிவார்கள்? மூன்று நான்கு தடவை அலசி, தண்ணீர் பிடித்து வைத்தோம். எங்கள் லயத்தில் பாதி வீட்டில் அந்த டின்தான். அந்த வருடங்களில் அம்மாவின் நகங்கள் கறுத்து உதிர்ந்தன. வேலையை விட்டபிறகு முளைத்தன. மருந்தின் பெயரைத் தோட்டத்தில் யாரும் சரியாகச் சொன்னதில்லை. நீல மருந்து என்போம். பாராகுவாட் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது பின்னால். இந்த நாட்டில் 2002இல் அதற்குத் தடை வந்தது, 2006இல் தளர்ந்தது, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடி தடை.

அந்த மாதிரி டின்னுக்கு மட்டும் முறை வேறு. மூன்று தடவை கழுவி, அடியில் ஓட்டை போட்டு, யாரும் எதற்கும் எடுக்க முடியாதபடி ஆக்கிவிட வேண்டும். இதை மகளின் தாளில் பதினோராவதாக எழுதினேன். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

தீ வைக்காதீர்கள்

சாயங்காலம் சருகைக் கூட்டிக் கொளுத்தி, கொசுவுக்கு மூட்டம் போட்டு, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்வது எங்கள் தாமானில் ஓய்வு பெற்றவர்களின் தொழில். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். 2005 ஆகஸ்டில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் ஏறி, காற்றின் குறியீடு 500ஐத் தாண்டி, கோலா சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலையே போட்டார்கள். சுமத்ராவில் எரிகிற காட்டுக்கு முன்னால் என் ஒரு கூடைச் சருகு என்ன பெரிசு என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. சுமத்ராவிலும் அப்படித்தான் ஒவ்வொருவரும் கேட்டிருப்பார்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. ஏர்கோனை 24க்குக் கீழே இறக்காதீர்கள். எங்கள் வீட்டில் ரிமோட் என் மனைவியிடம் இருக்கிறது. அடுத்த வழிக்குப் போவோம்.

குடும்பத்தோடு இயற்கையைப் போய்ப் பாருங்கள்

தாளில் பத்தாவது வரி இது. உலு யாமில் வீட்டுப் பின்வாசலிலேயே அது செங்கலைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கிறது என்றாலும், முறைப்படி பார்க்க வேண்டுமென்றால் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி, கோலா சிலாங்கூர் கம்போங் குவாந்தானுக்குப் போக வேண்டும். மின்மினி. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, எல்லாம் ஒரே தாளத்தில் அணைந்து அணைந்து மின்னும். அதன் புழுக்கள் கரைச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்கிறவை. மரத்தை வெட்டினாலும், கரையை அரித்தாலும், ஆற்றில் கண்டதைக் கலந்தாலும் முதலில் காணாமல் போவது அவைதான். நான் முறுக்கு எண்ணெயை ஊற்றாத ஆறு அவற்றிடம்தான் வந்து சேர்கிறது. அதற்கு ஒரு நன்றி எதிர்பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவையும் கூட்டிப்போனோம். அவர் பிறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். சின்ன வயதில் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. அப்புறம் இஞ்சின் கரண்டு வந்தது, பொழுது சாய்ந்ததும் வரும், பத்து மணிக்குத் துரை வீட்டைத் தவிர எல்லா இடத்திலும் போய்விடும். கரண்டு முதலில் வந்த ராத்திரி யாருமே தூங்கவில்லையாம். விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களாம்.

ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்து, துடுப்புப் படகில் நாலு பேராக உட்காரவைத்தார்கள். மோட்டார் கிடையாது. டார்ச் கூடாது, படம் எடுக்கும்போது வெளிச்சம் கூடாது, பேசவும் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அம்மா செருப்பைக் கழற்றி, மடியிலிருந்து ஒரு சமோசாவைப் பிரித்து, செருப்பை அந்தப் பையில் போட்டு முடிந்துகொண்டார். மகள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஆறு கறுப்பாக இருந்தது. வளைவு திரும்பியதும் கரை மரம் ஒன்று மின்னியது, பிறகு அடுத்தது, பிறகு வரிசையாக எல்லாம். முன் படகில் இருந்த வெள்ளைக்காரர்கள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். துடுப்பு போடுகிறவரும் துடுப்பை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் யாருமே அசையவில்லை.

"ஏம்ப்பா," என்றார் அம்மா, ஆறு முழுக்கக் கேட்கிற மாதிரி, "லைட்ட எப்ப போடுவாங்க?"